வாசகர் கேள்வி–பதில்: கெர்னலும் பயனர் நிரலும் பகிர்ந்துகொள்ளும் ஹெட்டர்

கேள்வி: லினக்ஸில் ஒரு சாதனத்துக்கான டிரைவரையும், அதனுடன் ஐஆக்டில் அழைப்பு (சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் வழி) மூலம் பேசும் பயனர் நிரலையும் எழுதி வருகிறேன். இரண்டுக்கும் பொதுவான ஸ்ட்ரக்ட் (பல புலங்களைச் சேர்த்த தரவு வகை) வரையறை, கெர்னலின், அதாவது இயங்குதள மையத்தின், மூலநிரலில் உள்ள இன்க்ளூட் அடைவில் நான் சேர்த்த ஹெட்டரில் (பொது வரையறைகளுக்கான கோப்பில்) உள்ளது. பயனர் நிரலைக் கம்பைல் செய்யும்போது அந்த அடைவையே சுட்டினால் பிழைகள் குவிகின்றன. வரையறையை நகலெடுத்து இரண்டு இடங்களிலும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நகலெடுக்க வேண்டாம். ஒரு நகலைத் திருத்தி மற்றதை மறந்துவிடும் நாள் கட்டாயம் வரும். ஒவ்வொரு கட்டளையையும் குறிக்கும் ஐஆக்டில் எண்ணுக்குள் ஸ்ட்ரக்டின் அளவும் பொதிந்திருப்பதால் (பெரும்பாலான செயலிக் கட்டமைப்புகளில் 14 பிட்கள்), அளவு மாறினால் டிரைவர் அந்த எண்ணையே அறியாமல் பிழையைத் திருப்பும், அது நல்லதே. ஆனால் அளவு மாறாமல் இரண்டு புலங்கள் மட்டும் இடம் மாறியிருந்தால் கம்பைலரும் சொல்லாது, கெர்னலும் சொல்லாது. தவறான மதிப்பு அமைதியாகச் சாதனத்துக்குச் சென்று சேரும்.

உங்களுக்குப் பிழைகள் வருவதற்குக் காரணம், கெர்னலின் உள் ஹெட்டர்கள் கெர்னலுக்குள் மட்டுமே இருக்கும் பூட்டுகளையும் கட்டமைவுத் தேர்வுகளையும் நம்பி எழுதப்பட்டவை என்பதும், அவற்றின் சில பெயர்கள் சி நூலகத்தின் பெயர்களுடன் மோதுகின்றன என்பதுமே. முன்பு ஒவ்வொரு லினக்ஸ் வெளியீட்டாளரும் இந்த ஹெட்டர்களைத் தாமே சுத்தம் செய்து வழங்க வேண்டியிருந்தது. 2006இல் வந்த 2.6.18 பதிப்பில் அந்தச் சுத்தம் செய்யும் வேலைக்காக ஹெட்டர்ஸ்_இன்ஸ்டால் என்ற மேக் இலக்கு (மேக் என்ற கட்டுமானக் கருவிக்குத் தரும் கட்டளை) சேர்ந்தது. 2012இன் 3.7 பதிப்பில், டேவிட் ஹோவெல்ஸின் உழைப்பால், பயனர் நிரல்களுக்கு உரிய பகுதிகள் அனைத்தும் யூஏபிஐ (பயனர் நிரல்களுக்கான இடைமுகம்) என்ற தனி அடைவுகளுக்குப் பிரிக்கப்பட்டன. கெர்னல் வரலாற்றில் மிகுந்த பயன் தந்த துப்புரவுப் பணிகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

ஆகவே ஐஆக்டில் எண்களையும், அவை சுமந்து செல்லும் ஸ்ட்ரக்டுகளையும், கொடி மதிப்புகளையும் மட்டும் யூஏபிஐ அடைவில் உள்ள ஒரு ஹெட்டருக்கு மாற்றுங்கள். உங்கள் உள் ஹெட்டர் அதைச் சேர்த்துக்கொள்ளட்டும். பிறகு ஹெட்டர்ஸ்_இன்ஸ்டாலை ஒரு தனி அடைவைக் குறிப்பிட்டு இயக்கினால், கெர்னலுக்கு மட்டுமேயான பகுதிகளும் குறியீடுகளும் நீக்கப்பட்ட வடிவம் அங்கே கிடைக்கும். பயனர் நிரல் அந்த அடைவையே சுட்ட வேண்டும்.

கோப்பை இடம் மாற்றுவது எளிது. அதற்குள் எழுதுவதில்தான் கவனம் தேவை. 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் நிரலும் ஓடும் என்பதால், அளவு மாறக்கூடிய லாங் வகையும் பாயின்டரும் (நினைவக முகவரியும்) அந்த ஸ்ட்ரக்டில் இருக்கக் கூடாது. இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கும் யு32, யு64 போன்ற நிலையான அளவு வகைகளையே பயன்படுத்துங்கள். பாயின்டரை யு64 புலமாக அனுப்புங்கள். அதுவும் போதாது: ஒரு யு32ஐ அடுத்து ஒரு யு64 வந்தால், அந்த ஸ்ட்ரக்ட் 32 பிட் எக்ஸ்86இல் 12 பைட்டாகவும் 64 பிட்டில் 16 பைட்டாகவும் அமையும். இடைவெளியைக் கம்பைலரிடம் விடாமல் வெளிப்படையான ஒரு நிரப்புப் புலத்தால் நீங்களே அடைத்துவிட்டால் இந்த வேறுபாடு தோன்றாது. கெர்னல் நினைவகத்தின் எச்சங்கள் அந்த இடைவெளி வழியே பயனருக்குக் கசிவதும் தடுக்கப்படும். பயனரிடமிருந்து வரும்போது அந்தப் புலம் பூஜ்யமாக உள்ளதா என்று டிரைவர் சரிபார்த்து, இல்லையெனில் மறுக்க வேண்டும். இன்று குப்பை மதிப்பை ஏற்றுக்கொண்டால், நாளை அந்தப் புலத்துக்கு ஒரு பொருள் தர உங்களால் முடியாது.

உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். கெர்னலின் யூஏபிஐ ஹெட்டர்களில் ஜிபிஎல் உரிமத்துடன் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்பு) விதிவிலக்குக் குறிப்பும் இடம்பெறும். உங்கள் கோப்பின் முதல் வரியிலும் அதை எழுதிவிடுங்கள்.

கேள்வி: புதிய கெர்னலை நிறுவினால், கணினியில் உள்ள ஹெட்டர் தொகுப்பையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பயனர் நிரல்களுக்கான ஹெட்டர்கள், சி நூலகம் எந்த ஹெட்டர்களைக் கொண்டு கம்பைல் செய்யப்பட்டதோ அவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். ஓடும் கெர்னலின் பதிப்போடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொகுப்புகளின் பெயர்கள்தான் பலரைக் குழப்புகின்றன. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் லினக்ஸ்-லிப்சி-டெவ் பயனர் நிரல்களுக்கானது, லினக்ஸ்-ஹெட்டர்ஸ் கெர்னலில் ஏற்றும் மாட்யூல் கட்டுவதற்கானது. ஃபெடோரா என்ற மற்றொரு வெளியீட்டிலோ கெர்னல்-ஹெட்டர்ஸ் பயனர் நிரல்களுக்கும், கெர்னல்-டெவெல் மாட்யூலுக்கும் உரியவை. புதிய ஹெட்டரைக் கொண்டு கட்டிய நிரல் பழைய கெர்னலில் ஓடும்போது, அங்கே இல்லாத சிஸ்டம் காலுக்கு இஎன்ஓஎஸ்ஒய்எஸ் என்ற பிழை திரும்பும். ஹெட்டரில் ஒரு வசதியின் பெயர் இருப்பதை வைத்தே அது கெர்னலிலும் இருப்பதாகக் கொள்ளாமல், நிரல் ஓடும்போது அழைத்துப் பார்த்து, பிழை வந்தால் மாற்று வழிக்குச் செல்லுமாறு எழுதுங்கள்.