எனர்ஜி டப்பாவில் எனர்ஜி எவ்வளவு?

கேள்வி: அண்ணா, எனக்கு 46 வயது, எடை 60 கிலோ, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். முதல் தடவையாக 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மைதானத்தில் ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்து, 900 ராண்டுக்கு ஒரு பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார். சர்க்கரையே இல்லாத எனர்ஜி பவுடர், கொழுப்பு கரைக்கிற மாத்திரை, ஓடும்போது பிழிந்து சாப்பிடுகிற சர்க்கரைப் பாகு மாதிரியான 12 ஜெல். வீட்டுக்காரர் கத்துகிறார். இதெல்லாம் தேவையா, திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முதலில் காசு. உங்களுக்குத் தனியாகவும் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே மறுபடியும். நீங்கள் கடைக்குப் போய் வாங்கவில்லை, அவர்தான் உங்களைத் தேடி வந்து விற்றார், அதனால் நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். பொருள் கைக்கு வந்து ஐந்து வேலை நாட்களுக்குள், எந்தக் காரணமும் சொல்லாமல், எழுத்தில் வேண்டாமென்று தெரிவிக்கலாம். பொருள் திரும்பிப் போனதும் 15 வேலை நாட்களுக்குள் அவர் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் என்றேன், போனில் சண்டை போட்டால் கணக்கில் வராது.

இப்போது பவுடர். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் தங்கச்சி, நம் நாட்டு லேபிளில் எனர்ஜி என்று எழுதியிருந்தால் அது கிலோஜூல் கணக்கு, கலோரி மாதிரி உணவிலுள்ள ஆற்றலின் அளவு. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு கரண்டிக்கு 38 கிலோஜூல், 200 மில்லிகிராம் காஃபின். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 250 கிலோஜூல் செலவாகும். அப்படியென்றால் அந்தக் கரண்டி உங்களை 150 மீட்டர் தூரம் கொண்டுபோகும், அவ்வளவுதான்! மிச்சமெல்லாம் காஃபின் வேலை. அது மூளைக்குக் களைப்புச் செய்தி போகாமல் தடுக்கிறது, ஓட்டத்துக்கு உதவும் என்பதும் உண்மை, ஆனால் காலையில் குடிக்கிற காப்பியும் அதைத்தானே செய்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நிஜமான எரிபொருள் உங்கள் சமையலறையிலிருந்து வருகிறது. சோறு, ரொட்டி, மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவு எதுவானாலும் மாவுச்சத்து கிளைகோஜனாக மாறித் தசையில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் சேர்ந்திருக்கும். மொத்தத்தில் 7,000 கிலோஜூலாவது தேறும். உங்கள் 21 கிலோமீட்டருக்கு 5,250 வேண்டும், அதிலும் ஒரு பங்கைக் கொழுப்பு கொடுத்துவிடும். ஆகவே முந்தின இரவு வயிறாரச் சாப்பிட்டவருக்குக் கையிருப்பே போதும். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகுமென்றால் நடுவில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து எடுத்தால் கடைசியில் கால் இழுக்காது. ஒரு ஜெல்லில் 25 கிராம் வரை இருக்கும். நடுத்தர வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட அதே. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர்களுக்கு ஜெல் சௌகரியம், பையில் அடங்கும், நசுங்காது. 1860 முதல் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேறி வந்து வெட்டியதே கரும்புதான், அந்தச் சர்க்கரையை நாம் இன்று ஃபாயில் பாக்கெட்டில் காசு கொட்டி வாங்குகிறோம்.

மாத்திரை வேண்டவே வேண்டாம். ஒல்லியானவர் உடம்பிலும் பல கிலோ கொழுப்பு உண்டு, ஒரு கிராமில் 37 கிலோஜூல், பஞ்சமே இல்லை. அதை வேகமாக எரிக்க முடியாததுதான் பிரச்சினை, ஏனென்றால் ஆக்சிஜனும், தசைக்குள் கொழுப்பை எரிக்கிற குட்டி அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவும் வேண்டும். அந்த அடுப்புகள் மாதக்கணக்கில் மெதுவாக ஓடி ஓடி வளர்கிறவை.

கேள்வி: என் மகன் பள்ளியில் 100 மீட்டர் ஓடுகிறான். அவனுக்கு ஜெல் வாங்கலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தப் பத்துப் பதினைந்து வினாடிக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கிற ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் என்கிற உடனடி எரிபொருள்களும், கொஞ்சம் கிளைகோஜனும் போதும். ஜெல் வயிற்றைவிட்டுக் கிளம்புவதற்குள் பையன் கோட்டைத் தாண்டியிருப்பான். அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.