6174 பத்தி கேளுங்க, சொல்றேன்

மும்பை செம்பூர்ல பசங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றேன். எனக்கு ரொம்ப பிடிச்ச நம்பர் இது.

மாட்டுங்காலேர்ந்து: அண்ணா, அப்படி என்ன விசேஷம் இதுல?

நாலு இலக்க நம்பர் ஏதாவது எடுத்துக்கோங்க, நாலும் ஒரே இலக்கமா மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்கள இறங்குவரிசைல எழுதி அதுலேர்ந்து ஏறுவரிசைல எழுதினத கழிங்க, வர்ற விடைய வச்சு திரும்ப அதே. 2025 போட்டா 5220-லேர்ந்து 0225 போக 4995, அடுத்து 5355, 1998, 8082, 8532, அப்புறம் 6174. அதுக்கு மேல நகராது, ஏன்னா 7641-லேர்ந்து 1467 போனா அதேதான் வரும். எதுல ஆரம்பிச்சாலும் ஏழு தடவைக்குள்ள இங்க வந்துடும்.

தாராவிலேர்ந்து, பத்தாவது: சார் நான் 1112 போட்டேன், 999 வந்து அப்புறம் சைபர் ஆயிடுச்சு.

அது 0999 தம்பி. முன்னாடி இருக்கற சைபர விடக் கூடாது. 9990-லேர்ந்து 0999 கழி, 8991 வரும், அங்கேர்ந்து போய்டும்.

டோம்பிவிலிலேர்ந்து: ஆனா ஏன் இப்படி வருது? யாருமே காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க.

இதத்தான் எல்லாரும் கேக்கணும். இறங்குவரிசைல இலக்கங்கள் a, b, c, d-ன்னு வைங்க. கழிச்சா கிடைக்கறது 999 × (a − d) + 90 × (b − c). அதாவது நாலு இலக்கம் என்னங்கறது முக்கியமே இல்ல, ரெண்டு வித்தியாசம்தான் கணக்கு. முதல் வித்தியாசம் 1லேர்ந்து 9 வரைக்கும், ரெண்டாவது சைபர்லேர்ந்து முதலாவது வரைக்கும், அதத் தாண்டாது, அப்ப மொத்தமே 54 ஜோடிதான், அதனால நீங்க ஆயிரக்கணக்கான நம்பர்ல எதுல ஆரம்பிச்சாலும் முதல் கழித்தல் முடிஞ்சதும் 54 விடைல ஒண்ணுல நிப்பீங்க. அந்த 54-ஐயும் ஒரு மத்தியானம் உக்காந்து போட்டுப் பாத்தா அதுவே நிரூபணம், பெரிய தியரி எதுவும் வேணாம். 6174க்கு வித்தியாசம் 6ம் 2ம், 5994 + 180.

முலுண்ட்லேர்ந்து: கண்டுபிடிச்சது யாரு?

டி. ஆர். காப்ரேகர். 1905ல தஹாணுல பிறந்தவர், நாசிக் பக்கம் தேவ்லாலில ஸ்கூல் வாத்தியார். 1949ல நம்ம மெட்ராஸ்ல நடந்த கணித மாநாட்டுலதான் இத அறிவிச்சார். 1975ல கணக்குப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதினப்புறம்தான் உலகம் திரும்பிப் பாத்துச்சு, அவ்ளோ லேட்டாங்கறது எனக்கு இன்னும் வருத்தம்தான். டோம்பிவிலிக்காரங்களுக்கு ஒண்ணு: அவரோட டெம்லோ எண்கள் (121, 12321 மாதிரி) உங்க ஸ்டேஷனோட பழைய பேர்லதான் இருக்கு.

வாஷிலேர்ந்து: மூணு இலக்கம், அஞ்சு இலக்கத்துக்கு?

மூணுக்கு 495. அஞ்சுக்கு எதுவும் நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். ஆறுக்கு நிக்கற நம்பர் ரெண்டு, 549945ம் 631764ம், ஆனா எல்லாம் அங்க போய்ச் சேராது.

சயன்லேர்ந்து: கழித்தல் தவிர வேற ஏதாவது?

இலக்கங்கள கூட்டினா 18. 6174ஐ 18ஆல வகுத்தா மீதி இல்லாம 343, அதாவது 7 × 7 × 7. அதே 18ஐ எடுத்து அதோட கனம், வர்க்கம், அப்புறம் 18, மூணையும் கூட்டுங்க: 5832 + 324 + 18. திரும்ப 6174தான்!

கோரேகான்லேர்ந்து: பையன் ஆறாவது படிக்கறான், அவனுக்கு என்ன குடுக்கலாம்?

1004 குடுங்க அக்கா, முழுசா ஏழு தடவை கழிக்கணும். முதல் விடை 4086, மீதிய அவனே போடட்டும், கால்குலேட்டர் வேணாம்.