முன் குழாயின் மறைவில் பின் குழாய்

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: ஆழ்கடலில் எண்ணெய் ஏற்றும் ரைசர் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நீரோட்டம்தானே தள்ளுகிறது, அப்புறம் எப்படி மோதுகின்றன?

ஒரே நீரோட்டம்தான், ஆனால் தள்ளும் அளவு ஒன்றில்லை. முன் குழாய் முழு வேகத்தையும் வாங்கிப் பின்பக்கம் வளைகிறது. அதன் மறைவில் நிற்கும் குழாய்க்கு வேகம் தளர்ந்த, கலங்கிய தண்ணீர்தான் வந்து சேர்கிறது. அது அவ்வளவாக வளையாது. இப்படி முன்னது பின்னதை நெருங்கும். நெருங்க நெருங்க, பின் குழாய் மெதுவாக, அகலமாக ஊசலாட ஆரம்பிக்கும்.

இதைத் தவிர ஒவ்வொரு குழாய்க்கும் தனி நடுக்கமும் உண்டு. மேட்டூர் கால்வாயில் தண்ணீர் வேகமாகப் போகும்போது கரையில் நின்று ஒரு மூங்கில் கழியைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் போகும் திசையில் இல்லாமல், குறுக்காக உதறும். கழியின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல் கழன்று போவதுதான் காரணம். கணக்கு எளிது: வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்குங்கள். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 5 செ.மீ. கழிக்கு நொடிக்கு 4 உதறல், 30 செ.மீ. ரைசருக்கு ஒன்றரை நொடிக்கு ஒன்று. அது குழாயின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால், வெல்டிங் இணைப்புகள் சோர்ந்து விரிசல் விடும்.

ஓமலூர் வாசகர்: குழாயில் திருகுபோல் பட்டை சுற்றினால் போதாதா?

தனிக் குழாய்க்கு நன்றாகவே உதவும். சுழல்கள் ஒருசேரக் கழலாமல் அது கலைத்துவிடும். ஆனால் இன்னொரு குழாயின் மறைவில் நிற்கும்போது அந்தப் பலன் குறையும். பட்டையால் நீரின் இழுவையும் கூடும், அதாவது குழாய் இன்னும் வளையும்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்: எஸ்டேட் மேலே போகும் மின்கம்பியில் டம்பெல் மாதிரி தொங்குவது என்ன?

ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர். காற்றில் கம்பி அதிர்வதை அது உறிஞ்சிக்கொள்கிறது. சேலம் பக்கம் போகும் 400 கிலோவோல்ட் லைன்களில் கம்பிகள் ஜோடியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பின் கம்பி முன் கம்பியின் மறைவில் ஆடும், ரைசர் கதையேதான். அதனால்தான் நடுநடுவே, இரண்டையும் விலக்கிப் பிடிக்கும் ஸ்பேசர் போட்டிருக்கிறார்கள்.

மேட்டூர் வாசகர்: அனல்மின் நிலையங்களில் பெரிய கூலிங் டவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

உண்டு. 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ஃபெரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தில் எட்டு டவர்களில் மூன்று சரிந்தன. காற்றை நேராக வாங்கிய முன்வரிசை நின்றது, விழுந்தவை பின்வரிசை. டவர் தனியாக நிற்பதாக வைத்துத்தான் காற்றழுத்தத்தைக் கணித்திருந்தார்கள்; முன்வரிசை கலக்கிவிட்ட காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.