பாக்கிப் பணம் கேட்டு எழுதுவது எப்படி? – மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தேரி கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு கொடுத்து மூன்று மாதமாகிறது. தினமும் வாட்ஸப்பில் "சார், பேமென்ட்?" என்று கேட்கிறேன். ப்ளூ டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. கறாராக எழுதினால் அடுத்த ஆர்டர் கை நழுவிப் போகுமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா.

அண்ணாச்சி, எந்த பில், எவ்வளவு தொகை, என்றைக்குள் வேண்டும் என்று உங்கள் செய்தியில் எதுவுமே இல்லையே. அதைப் படிக்கிறவர் ஆர்டர் கொடுத்த பர்ச்சேஸ்காரர். பணம் போடுகிறவர் அக்கவுன்ட்ஸில் இருக்கிறார். பில்லைத் தேடி எடுக்கும் வேலையையும் பர்ச்சேஸ்காரர் தலையில் கட்டினால், நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் அவருக்குத் தோன்றும். ஈமெயில் போடுங்கள், அக்கவுன்ட்ஸுக்கும் ஒரு காப்பி போகட்டும். ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள், விஷயம் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: பில் எண் 114, ரூ.1,85,000 – ஜூன் 20க்குள் செலுத்தக் கோருதல்.
மார்ச் 4 அன்று 250 பைகளை உங்கள் குடோனில் இறக்கினோம். கையெழுத்தான சலானும் பில்லும் இத்துடன் உள்ளன. ஆர்டரில் உள்ள 30 நாள் கெடு ஏப்ரல் 3 அன்று முடிந்தது. ஜூன் 20க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பில்லில் ஏதேனும் குறை இருந்தால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தெரிவியுங்கள்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தேதியும் தொகையும் இருக்கின்றன. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் "சரக்கு சரியில்லை" என்று சாக்குச் சொல்ல அது வழி வைக்காது.

ஜூன் 20 தாண்டியும் பணம் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தில் சட்டத்தைச் சொல்லுங்கள். குறு, சிறு தொழில் செய்து, அதற்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் வைத்திருப்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். சரக்கில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கெடு தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. இப்படிப்பட்ட பாக்கிகளுக்குப் புகார் கொடுக்க சமாதான் என்ற அரசு இணையதளம் 2017இல் தொடங்கப்பட்டது.

கம்பெனியின் அக்கவுன்ட்ஸுக்கு உறைப்பது இன்னொரு விஷயம். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த வருமானவரி விதிப்படி, கெடு தாண்டி நிற்கும் இந்த பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியும். இதை ஒரே வரியில் மரியாதையாக எழுதுங்கள். மிரட்டல் வாசகம் வேண்டாம். ஒன்று கவனிக்க வேண்டும்: பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. நீங்களே தைத்துக் கொடுப்பதால் கேட்கலாம்.

பவாயில் ஐ.டி. வேலை. "உன் மெயிலைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த மீட்டிங் வந்துவிடுகிறது" என்கிறார் மேனேஜர். எதை வெட்டுவது என்றே தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய மாதிரி மெயிலைப் படித்தேன், தங்கச்சி. போன வார மீட்டிங்கில் தொடங்கி, வெண்டரிடம் பேசிய கதையெல்லாம் சொல்லி, பன்னிரண்டாவது வரியில்தான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு பாடுபட்டோம் என்று தெரியட்டுமே என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அவர் முடிவெடுக்க அது தேவையில்லை. கடைசி வரியை முதல் வரியாக்குங்கள்:

"மேடம், ரிலீஸைத் திங்களிலிருந்து வியாழனுக்குத் தள்ள உங்கள் அனுமதி வேண்டும். வெண்டரின் ஃபைல் புதன்கிழமைதான் வரும். தள்ளாவிட்டால் டெஸ்டிங் செய்ய நேரமிருக்காது. இன்று மாலை 4 மணிக்குள் சொன்னால் கிளையன்டுக்குத் தெரிவித்துவிடுவேன்."

மீதிக் கதை வேண்டுமானால் கீழே இருக்கட்டும். காஞ்சூர்மார்க்கில் ரயிலுக்கு நின்றபடி போனில் பார்க்கிறவருக்கு முதல் நான்கு வரியிலேயே பதில் சொல்ல முடிய வேண்டும்.

சயனில் டிபன் கடை. மாநகராட்சி வார்டு ஆபீசுக்கு மனு எழுத வேண்டும். மராத்தி பேச வரும், எழுத வராது.

மராத்தியிலேயே கொடுங்கள். அந்த மேசையில் இருப்பவர் தினமும் புழங்கும் மொழி அதுதான். மனு சீக்கிரம் நகரும். முதலில் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்: கடை முகவரி, லைசென்ஸ் எண், என்ன குறை, என்ன செய்து தர வேண்டும். பிறகு மராத்தி எழுதத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பள்ளியில் மராத்தி படிக்கும் உங்கள் பிள்ளையே வாசித்துக் காட்டினாலும் போதும், சொன்னதுதான் எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்துவிடலாம். ஒரு மனுவில் ஒரு குறை. சாக்கடையையும் லைசென்ஸையும் ஒரே தாளில் எழுதினால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் அது அங்கேயே கிடக்கும்.

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் ஆவக் எண்ணும் (மனு வந்ததைப் பதியும் எண்) போட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த தடவை கேட்கப் போகும்போது அந்த எண்தான் பேசும். பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்கும் அதுவே ஆதாரம்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதினால் தப்பா?

தப்பில்லை. இலக்கணம் சரிபார்க்க நல்ல துணை. ஆனால் தொகை, தேதி, பெயர் மூன்றையும் அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை பாருங்கள். நீங்கள் சொல்லாத வாக்குறுதியைக் கூட அழகாக எழுதிவைத்துவிடும். உங்கள் பெயரில் போகும் வாக்குறுதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. வாடிக்கையாளரின் வங்கி விவரத்தையோ ஒப்பந்தத்தையோ அதில் ஒட்டவே வேண்டாம்.

துணி தைத்துக் கொடுக்கிறேன். குஜராத்தி சேட் ஒருவர் ஆர்டரை எல்லாம் வாய்ஸ் மெசேஜில்தான் சொல்கிறார். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

அவரை எழுதச் சொல்ல வேண்டாம். கேட்டதும் நீங்களே போடுங்கள்: "சேட்ஜி, 40 டஜன், கறுப்பு, டஜன் ரூ.2,100, வரும் சனிக்கிழமை டெலிவரி. சரி என்று ஒரு பதில் போட்டால் வேலையைத் தொடங்கிவிடுவேன்." அவர் "ஹா" என்று அனுப்பியபின் துணியை வெட்டுங்கள்.