அலாரம் கத்தினால் யார் வருவார்கள்?

களக்காட்டிலிருந்து லெஸ்டருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணாச்சி, வாடகை வீட்டு வாசல் பக்கம் நம்பர் பட்டன் வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் நான்கு இலக்க எண் ஒன்றைச் சொன்னதோடு சரி. போன வாரம் கடைக்குப் போய்விட்டு உள்ளே நுழைந்தோம், அது அலற ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியாமல் தெருவில் நின்றோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, போலீசும் வரவில்லை. பேசாமல் அதை ஆன் பண்ணாமலே விட்டுவிடலாமா? வீட்டில் மனைவியின் நகை இருக்கிறது. அவள் வேலை பார்க்கும் கடையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கச் சொல்லிச் சாவி கொடுத்திருக்கிறார்கள். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இப்படி ஒன்று மாட்டலாமா?"

தம்பி, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்கிறீர்களே, அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். களக்காட்டில் ராத்திரி ஒரு தகரம் விழுந்தாலே எதிர்வீட்டில் லைட் எரியும், "யாருலே அது?" என்று குரல் வரும். இங்கே வராது. அக்கம்பக்கத்தார் பொல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பூனைக்கும் காற்றுக்கும் பழைய பேட்டரிக்கும் கத்திக் கத்தி, அந்தச் சத்தத்துக்கே இங்கே மரியாதை இல்லாமல் போய்விட்டது.

போலீஸ் வராததற்குக் காரணம் வேறு. இங்கிலாந்தில் திருட்டு அலாரம் அடித்தவுடன் போலீஸ் வர வேண்டுமென்றால் அதற்கென்று ஏற்பாடு இருக்க வேண்டும். என்.எஸ்.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஏ.ஐ.பி. என்ற தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கம்பெனி மாட்டியிருக்க வேண்டும். இரவும் பகலும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையத்தோடு அது இணைந்திருக்க வேண்டும். போலீசிடம் யூ.ஆர்.என். என்ற பதிவு எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். இவ்வளவு இருந்தாலும் ஆள் நுழைவதை உணரும் சென்சார் ஒன்று மட்டும் கத்தினால் போதாது. இரண்டாவது சென்சாரோ கேமராவோ அதை உறுதிப்படுத்த வேண்டும். அப்புறம், 12 மாதத்துக்குள் 3 முறை பொய்யாக அழைப்பு போனால் போலீஸ் வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது வெறும் சத்தம் போடும் வகையாகத்தான் இருக்கும். வீட்டு முகப்பில் உயரத்தில் ஒரு சைரன் பெட்டி இருக்கிறதா பாருங்கள், அதுதான். அது கத்தும், யாராவது ஒரு மனிதர் பார்த்து 999க்குப் போன் செய்து "கண்ணாடி உடைந்திருக்கிறது, உள்ளே ஆள் நடமாட்டம் தெரிகிறது" என்று சொன்னால்தான் போலீஸ் வரும். "அலாரம் அடிக்கிறது" என்று மட்டும் சொன்னால் வர மாட்டார்கள். ஆகவே அந்த மனிதர் யார் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு பக்கத்து வீடுகளிலும் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, போன் நம்பரைக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம், இங்கே அது நல்ல பழக்கம்தான். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியையும் அந்த நான்கு இலக்கக் கோடையும் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில கவுன்சில் பகுதிகளில் அப்படிச் சாவி வைத்திருப்பவரின் விவரத்தைப் பதிவு செய்வதே கட்டாயம்.

சரி, பெட்டிக்கு வருவோம். வெளியே கிளம்பும்போது ஜன்னல், பின்கதவு எல்லாம் மூடியிருக்கிறதா பாருங்கள். கோடை அழுத்தினால் "பீப் பீப்" என்று சத்தம் வரும். நீங்கள் வெளியேறக் கொடுத்த நேரம் அது; பெரும்பாலும் 30 விநாடி அளவில் வைத்திருப்பார்கள். வாசல் கதவைச் சாத்தியதும் சத்தம் நின்று, செட் ஆகிவிடும். நிற்காமல் தொடர்ந்தால் ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று பொருள். திரும்பி வரும்போது வாசலைத் திறந்ததும் வேறொரு தொனியில் சத்தம் வரும். நேராக அந்த நம்பர் பட்டன் பெட்டிக்கு, அதாவது கீபேடுக்குப் போய்க் கோடை அழுத்த வேண்டும். நம் ஆட்கள் செய்வது என்ன? பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வரலாம் என்று அடுக்களைக்குப் போவார்கள். அந்தக் காலக்கெடு வாசலிலிருந்து கீபேட் வரைக்கும் உள்ள வழிக்கு மட்டும்தான். வேறு அறையின் சென்சார் கண்ணில் பட்டால் ஒரு விநாடிகூடப் பொறுக்காது. போன வாரம் உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கத்த ஆரம்பித்துவிட்டால் பதற வேண்டாம். அதே கோடை அழுத்தினால் சைரன் நிற்கும். திரையில் ஒரு எண் தெரியும். எந்த இடத்துச் சென்சார் கத்தியது என்பதைக் காட்டும் எண் அது, குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரீசெட் செய்ய வேண்டும்; சில மாடலில் அதற்குத் தனி பட்டன், சிலவற்றில் கோடை இன்னொரு முறை அழுத்த வேண்டும். ரீசெட் செய்யாவிட்டால் சத்தம் நின்றாலும் வெளிப்பெட்டியின் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். யாரும் நிறுத்தாவிட்டாலும் வெளிச் சைரன் 20 நிமிடத்தில் தானாக அடங்கும்படிதான் வைத்திருப்பார்கள். ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: எரிச்சலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றுவது. அலாரம் ஆஃபில் இருந்தாலும் மூடியைத் தொட்டால் கத்தும். திருடன் அறுத்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

ராத்திரிக்கு "பார்ட் செட்" என்று ஒன்று உண்டு. கீழ்த்தளச் சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும், மாடியில் நீங்கள் நடமாடலாம். பிள்ளைக்குப் பால் காய்ச்சக் கீழே இறங்குகிறவர் முதலில் கோடை அழுத்தப் பழக வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி பிறந்தநாள் பலூன்களைக் கூடத்தில் விட்டுவிட்டு அலாரம் போட்டுக் கிளம்பாதீர்கள். ஹீட்டர் ஓடும்போது பலூன் நகர்ந்தால் சென்சாருக்கு அது ஆள்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மிளகாய் வற்றல் தாளிக்கும்போது கூரையிலிருந்து கத்துமே வெள்ளை வட்டப் பெட்டி, அது புகை அலாரம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடகை வீட்டில் தளத்துக்கு ஒன்று வைப்பது வீட்டுக்காரருக்குச் சட்டப்படி கட்டாயம். அதன் பேட்டரியைக் கழற்றுவது, பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுவது எல்லாம் வேண்டாம். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து தாளியுங்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டு. கோடை உடனே மாற்ற வேண்டும், ஏனென்றால் முன்பு குடியிருந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். அலாரத்தின் பேனல் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். நான்கைந்து வருடம் தாண்டியிருந்தால் ஒரு நடுராத்திரியில் அது முனக ஆரம்பிக்கும்.

நகை விஷயம். நம் ஆட்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இங்குள்ள திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி நெருங்கினால் போலீசே எச்சரிக்கை கொடுக்கிறது. வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் சுவருக்கும் கூரைக்கும்தான். உங்கள் பொருளுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் ஒரே பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். ஆரமோ ஒட்டியாணமோ அதைத் தாண்டினால் பெயர் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தில் "அலாரம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். ஒரு சின்னத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு "ஆம்" என்று போட்டுவிட்டு, வெளியே போகும்போது செட் செய்யாமல் போனால், திருட்டு நடந்தபின் பணம் தர மறுக்க அதுவே காரணமாகலாம். "ஆன் பண்ணாமலே விடலாமா" என்றீர்களே, முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள். என்னைக் கேட்டால், தாலிச் செயினும் அன்றாடம் போடுவதும் போக மற்றதை வீட்டில் வைக்கவே கூடாது. தனியார் பெட்டக நிறுவனங்கள் இருக்கின்றன. ஊர் வங்கி லாக்கரிலேயே விட்டு வந்திருந்தால் அதைவிட நிம்மதி.

உங்கள் மனைவி வேலை பார்க்கும் கடையின் அலாரம் கொஞ்சம் கறாரானது. தங்கச்சிக்கென்று தனிக் கோடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். யார் எத்தனை மணிக்குத் திறந்தார், மூடினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். இன்னொருவர் கோடில் திறந்தால் நாளைக்கு ஏதாவது குறைந்தால் பேச்சு அவள் மேல் வரும். கண்காணிப்பு மையத்திலிருந்து போன் வந்தால் ஒரு ரகசிய வார்த்தை கேட்பார்கள், அது முதலாளியிடம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. கீபேட் கோடை எந்த மையமும் கேட்காது. கேட்டால் அவன் திருடன், போனை வைத்துவிடலாம். கல்லாவுக்கு அடியில் அவசர பட்டன் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிறு காலை கதவோ ஷட்டரோ உடைந்து தெரிந்தால் உள்ளே போகக் கூடாது. தள்ளி நின்று 999.

இனி ஊர் வீடு. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பணகுடியில் எங்கள் வீடும் பூட்டித்தான் கிடக்கிறது.

இங்கிருந்து பெட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கெட்டுப்போனால் பார்க்க ஆள் கிடையாது. பாளையங்கோட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ கேமரா மாட்டிக் கொடுக்கிறவர்களிடமே சிம் போடும் அலாரம் கிடைக்கும். வாங்கும்போது 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். விலை குறைந்த பெட்டிகள் பல 2ஜி. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் பெட்டி ஊமைதான். எந்த சிம்மானாலும் ரீசார்ஜ் முடிந்தால் அதே கதி. பெட்டி ஆபத்து நேரத்தில் போன் செய்யும் நம்பர்களில் உங்கள் இங்கிலாந்து நம்பரைப் போட்டுப் பிரயோஜனமில்லை. சாதாரண ப்ரீபெய்டு ரீசார்ஜில் வெளிநாட்டு அழைப்பு பெரும்பாலும் சேராது. போனாலும் லெஸ்டரில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்? முதல் நம்பர் அதே தெருவில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ. இரண்டாவது, அடுத்த தெரு ஆள்.

சென்சார் வைக்கும் இடம் முக்கியம். நம் பழைய வீடுகளில் வாசலை ஒட்டிய தார்சாவில் வைத்தால் பூனை, அணில், காற்றில் ஆடும் கொடிச்சேலை எல்லாம் அதைக் கூப்பிடும். உள்ளே இருக்கும் கூடமான பட்டாசலில், உள்கதவுகளைப் பார்த்தபடி வையுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் கதவுக்கு மட்டும் காந்தச் சென்சார் வைத்துப் பயனில்லை; ஓட்டைப் பிரித்து இறங்குகிறவன் கதவைத் தொடவே மாட்டான். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு வாசல் கதவே நடுங்கும். காந்தம் கொஞ்சம் விலகினாலும் அலாரம். கதவு ஆடாதபடி தாழ்ப்பாளைச் சரி செய்துவிட்டுத்தான் சென்சாரே மாட்ட வேண்டும்.

வெயிலும் ஒரு பிரச்சினை. ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுச்சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய கான்கிரீட் வீட்டின் உள்ளே உடம்புச் சூடு அளவுக்கே வெப்பம் ஏறிவிடும். அப்போது ஆள் நடந்தாலும் அது சரியாகக் கண்டுகொள்ளாது. மைக்ரோவேவ் அலையாலும் நடமாட்டத்தைப் பார்க்கும் இரட்டைச் சென்சார் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் கத்தும் வகையானால் இந்த வெயிலுக்கு உதவாது; சூட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகையா என்று கேளுங்கள். சூடு பேட்டரியையும் தின்றுவிடும். இங்கே நான்கைந்து வருடம் ஓடும் பேட்டரி அங்கே பாதி ஓடினாலே பெரிது. அப்புறம் பல்லி. சென்சாரின் மேலேயே ஊர்ந்தால் அதற்கு அது யானை. சைரன் பெட்டிக்குள் குளவி கூடு கட்டும். ஆகவே மாதம் ஒருமுறை யாராவது வீட்டைத் திறந்து, துடைத்து, ஒரு தடவை கத்தவிட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் பேசியே ஆள் வையுங்கள். சொந்தக்காரர்தானே என்று சும்மா ஒப்படைத்தால் இரண்டு மாதம் நடக்கும்.

பெட்டி அமைதியாக இருப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பேய்மழை பெய்தபோது நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. எந்த அலாரமும் யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது. தினமும் "நான் இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும் வசதியுள்ள பெட்டியாக வாங்கினால், செய்தி வராத நாளில் மாமாவை எழுப்பலாம்.

வெளிநாடு போகிறோம், வீடு பூட்டியிருக்கிறது என்று உள்ளூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். ரோந்து போகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அவசரத்துக்கு 112 அல்லது 100, ஆனால் அதை அங்கே இருப்பவர்தான் அடிக்க வேண்டும். நீங்கள் இங்கிருந்து பேச ஸ்டேஷனின் நேரடி நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலங்குளம், கடையம் பக்கம் வீடுள்ள நண்பர்கள் இருந்தால் சொல்லுங்கள், 2019இலிருந்து அவர்களுக்குத் தென்காசி மாவட்டப் போலீஸ். இன்னும் பலர் நெல்லைக்குத்தான் போன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லெஸ்டர் வீட்டுக் கீபேடை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, என்ன மாடல் என்று பார்த்து ரீசெட் எப்படி என்று சொல்கிறேன். கோடை மட்டும் எனக்கும் அனுப்பாதீர்கள்.