தென்னை பட்டுப்போன குழியிலேயே புதுப் பிள்ளை வைக்கலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் தென்னந்தோப்பு. மரங்களுக்கு 30 வயது இருக்கும், 25 அடி இடைவெளி. ஒரே வரிசையில் அடுத்தடுத்து இரண்டு மரம் பட்டுப்போய்விட்டன. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தது, அடிமட்டைகள் காய்ந்து தொங்கின. போன மாதம் இரண்டையும் தரையோடு அறுத்துவிட்டேன். எரு போட்ட மண்தானே, தூருக்குப் பக்கத்திலேயே குழி எடுத்துக் கன்று வைத்துவிடு என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். கஜா புயலில் சாய்ந்த மரமாக இருந்தால் நான் இவ்வளவு தயங்க மாட்டேன். 2018 நவம்பருக்குப் பிறகு உங்கள் பக்கத்தில் எத்தனையோ தோப்புகளில் விழுந்த மரத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளை வைத்தார்கள். அந்த மரங்களைச் சாய்த்தது காற்று, மண்ணில் குற்றமில்லை. உங்கள் மரம் போன விதம் வேறு. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தஞ்சாவூர் வாடல் நோய்க்குப் பொருந்துகின்றன. அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கடுமையாகத் தெரியவந்ததால் அந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சணம்தான் காரணம். மரத்தடியில் தட்டு மாதிரி, மேலே பளபளப்பான காளான் முளைத்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்திருந்தால் சந்தேகமே இல்லை.

இந்தப் பூஞ்சணம் மரத்தோடு சாவதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் தூரிலும் வேரிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையோடு அறுத்தீர்கள், சரி, ஆனால் நோயின் வீடு அப்படியே உள்ளே இருக்கிறது. இதில் ஏமாற வைப்பது என்னவென்றால், இளங்கன்றை இந்த நோய் சாதாரணமாகத் தொடாது. பழைய குழியிலேயே வைத்தாலும் பிள்ளை ஜோராக வளரும், பாளை விடும், காய்க்கும். பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல்தான் சாறு வடிய ஆரம்பிக்கும். அதற்குள் பத்து வருட உழைப்பு போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை தூரைத் தோண்டி எடுப்பது. ஜேசிபி கிடைத்தால் நல்லது, ஆள் வைத்தாலும் சரி. கிழங்கோடு, கைக்குக் கிடைக்கிற வேர் வரை எடுத்து அங்கேயே எரித்துவிடுங்கள். இழுத்துக்கொண்டு தோப்பெல்லாம் சுற்றாதீர்கள், வரப்போரம் போட்டும் வைக்காதீர்கள். மட்கும் தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். அப்புறம் அதே வண்டு உங்கள் புதுக் கன்றின் குருத்தைக் குடையும்.

தூர் எடுத்த இடத்தைச் சுற்றி, 4, 5 அடி தள்ளி, 3 அடி ஆழம் 1 அடி அகலத்தில் அகழி வெட்டுங்கள். மிச்ச வேருக்கும் பக்கத்து மரத்து வேருக்கும் தொடர்பு அறுந்துவிடும். குழி மண்ணில் பூஞ்சணத்தைக் கொல்லும் போர்டோக் கலவை, 1 சதத்தில் 40 லிட்டர், ஊற்றலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 400 கிராம், சுண்ணாம்பு 400 கிராம், இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியைக் கலவைக்குள் விட்டு எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

சரி, புதுப் பிள்ளையை எங்கே வைப்பது? நான்கு மரங்களுக்கு நடு மையத்தில் வையுங்கள். 25 அடி இடைவெளியில் அந்த மையம் எந்த மரத்திலிருந்தும் பதினேழரை அடிக்கு மேல் தள்ளி இருக்கும். உங்கள் தோப்புக்கு 30 வயது, மரங்கள் உயர்ந்துவிட்டதால் கீழே வெயில் விழும். வரிசை கோணலாகத் தெரியுமே என்று வருத்தப்பட வேண்டாம், எப்படியும் பழைய மரங்களை ஒவ்வொன்றாக மாற்றத்தான் போகிறீர்கள்.

குழி மூன்றுக்கு மூன்று, ஆழமும் 3 அடி. மட்கிய தொழு உரம், செம்மண், மணல் சமமாகக் கலந்து இரண்டடி வரை நிரப்பி நடுங்கள். வேப்பம்புண்ணாக்கும் சேருங்கள். கூடவே நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடி போடலாம், ஆனால் போர்டோ ஊற்றிய இடத்தில் உடனே போட்டால் துத்தம் அதையும் கொன்றுவிடும். ஆறிலைக்குக் குறையாத, கழுத்துப் பெருத்த கன்றாகப் பார்த்து வாங்குங்கள். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கேட்டுப் பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, பட்ட மரங்களுக்கு அடுத்து நிற்கும் மரங்கள். வாய்க்கால் தண்ணீர் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு ஓடுகிறதா? அப்படியானால் நோயும் அதோடு போகும். ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தி கட்டித் தனித்தனியாகப் பாய்ச்சுங்கள். வருடம் ஒருமுறை மரத்துக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு கொடுங்கள். அந்த வரிசையில் ஊடுபயிராக வாழை வைத்தால் நோய் மட்டுப்படும். அடுத்த மரத்தின் அடியில் சொட்டுச் சாறு தெரிந்தாலும் காத்திருக்காமல் வேளாண் அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேர் வழியாக மருந்து கட்டுவதெல்லாம் ஆரம்பத்தில்தான் பலிக்கும், மட்டை தொங்கிய பிறகு பலிக்காது.