சரிவில் இண்டர்லாக் கல்: விலை கேட்கும் முன் பீம் கேளுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மேட்டுத் தாமான் வீடு. கார் நிறுத்துமிடத்திலிருந்து சாலை வரை 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் இறக்கம். 60 மில்லிமீட்டர் இண்டர்லாக் கல், அடியில் கல்தூள் என்று சதுர அடிக்கு ஒரு விலை மட்டும் எழுதித் தந்திருக்கிறார் குத்தகையாளர். பக்கத்து வீட்டில் இப்படிப் போட்ட கல் ஒரே மழைக்காலத்தில் கீழே நகர்ந்துவிட்டது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் இறக்கம் 15 விழுக்காடு. 12-ஐத் தாண்டினாலே கல்லைத் தாங்க அடிவாரத்தில் குறுக்கே கான்கிரீட் பீம் போடுவதுதான் முறை. இதில் பீம் என்ற பேச்சே இல்லை.

பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே அமுங்கிய கல், கால்வாயில் படிந்த மணல் இருக்கும். கார் ஏறும்போதெல்லாம் டயர் கல்லைக் கீழே உதைக்கிறது. இடுக்கில் இறங்கும் மழைநீர் அடிமணலை அரித்துக்கொண்டு கீழே ஓடுகிறது. கல்லை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பீம் 150 மில்லிமீட்டர் அகலம், 300 ஆழம் இருக்கட்டும். கல் பதிப்பதற்கு ஒரு வாரம் முன்பே வார்த்துவிட வேண்டும். மணல் மட்டத்தில் இரண்டு மூன்று சிறு குழாய்த் துளை விட்டு, துளையின் வாயில் வடிதுணி (நீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) வைக்கச் சொல்லுங்கள். துளை இல்லாத பீம், தண்ணீரைத் தேக்கும் அணைதான்! பக்கவாட்டிலும் கர்ப் கல் (ஓரத்தைத் தாங்கும் கல்) வேண்டும்.

கல் 80 மில்லிமீட்டர், மீன்முள் வரிசையில் (கற்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கோத்து), கீழிருந்து மேலே பதிக்க வேண்டும். 200-க்கு 100 மில்லிமீட்டர் அளவுக் கல் சதுர மீட்டருக்கு 50. உங்களுக்கு 1,200, வெட்டுச் சேதத்தோடு 1,290 வாங்குங்கள். லோரியிலிருந்து இறக்கும்போதே டேப் வைத்துக் கனம் பாருங்கள்.

கல்தூள் மலிவுதான், ஆனால் அதிலுள்ள மாவு நீரைப் பிடித்துச் சேறாகும். கழுவிய கரடு மணல், இறுகிய பின் 30 மில்லிமீட்டர் போதும். 1 கன மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். அதற்கடியில் கிரஷர் ரன் (உடைத்த ஜல்லியும் தூளும் கலந்தது) 150 மில்லிமீட்டர், இரண்டு அடுக்காக இடித்து இறுக்கியது. மேடுபள்ளத்தை இதிலேயே சரிசெய்ய வேண்டும், மணலைக் கொட்டி மறைக்கக் கூடாது. "சாந்து போட்டு ஒட்டிடலாம்" என்பார்கள். அது வெடிக்கும், நீரும் உள்ளே சிக்கும். இடுக்குகளில் காய்ந்த பொடிமணலே போதும். சரிவின் தலைப்பில் குறுக்கே ஒரு கம்பிவலைக் கால்வாய் இருந்தால் கூரைத்தண்ணீர் கல்மேல் பாயாது.

இவை அத்தனையையும் கொட்டேஷனில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். பீமைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டாம் தவணை கொடுங்கள். வேலை கெட்டுப்போய் ஆள் கைவிரித்தால், அந்தத் தாளையும் ரசீதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.